தண்ணீர்ப் படப் புத்தகங்கள்: கேளுங்கள், சொல்கிறேன்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகளுக்குப் பன்னிரண்டு வருடமாகப் புத்தகம் பொறுக்கித் தருகிறேன். நல்ல தண்ணீர் எளிதில் கிடைக்காத வாழ்க்கையைச் சொல்லும் படக்கதைகள் பற்றி மட்டும் இன்று. கேட்கிறவர்களை இங்கே அவர்கள் ஊர்ப் பெயரால் அழைக்கிறேன்.

ஃபீனிக்ஸ் பாட்டி: ஐந்து வயதுப் பேத்திக்கு எதில் தொடங்கலாம்?
'தி வாட்டர் பிரின்சஸ்', 2016. புர்கினா ஃபாசோவைச் சேர்ந்த ஜார்ஜி பாடியேலின் சிறுவயதை வைத்து சூசன் வெர்டே எழுதியது, படம் பீட்டர் ரெனால்ட்ஸ். தன்னை இளவரசி என்று சொல்லிக்கொள்ளும் குழந்தை, தண்ணீரைக் கிட்டே வரச் சொன்னால் மட்டும் அது வருவதில்லை. பாவம் பார்க்க வைக்காமல் கூட நடக்க வைக்கிற புத்தகம். எதை வாங்கினாலும் கடையிலேயே கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

சாட்ஸ்வர்த் அம்மா: 'எ லாங் வாக் டு வாட்டர்' நாலு வயதுக்கு ஆகுமா?
ஆகாது. அது நாவல், போர் வருகிறது. அதே ஆசிரியர் லிண்டா சூ பார்க்கின் 'நியாஸ் லாங் வாக்' (2019) படக்கதை, அதை எடுங்கள்.

அதே அம்மா: அதில் தங்கச்சிக்குக் காய்ச்சல் வருகிறதே, பிள்ளை பயப்படாதா?
கொஞ்சம் பயப்படட்டும். அழுக்குத் தண்ணீர் நோய் தரும் என்பதை மறைத்துவிட்டால் அப்புறம் அந்த நடை வெறும் உடற்பயிற்சி. நம் குவாசுலு-நாட்டால் மாகாணத்திலேயே 2000 ஆகஸ்டில் தொடங்கிய காலரா ஒரு லட்சம் பேருக்கு மேல் பிடித்தது, மறந்துவிட்டோமா?

வெருலம் தம்பி: தமிழில் இலவசமாக?
பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் இணையதளம். தமிழிலேயே தேடலாம், அச்செடுக்கலாம்.

டோங்காட் அக்கா: 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் எங்கள் குழாயில் சொட்டு இல்லை, டேங்கர் வந்தால் வாளியோடு ஓடினோம். என் மகன் வகுப்பில் இந்தப் புத்தகங்களைப் பார்த்துவிட்டு, 'அம்மா, இதெல்லாம் கிராமத்துக் கறுப்புப் பிள்ளைகளுக்குத்தானே?' என்கிறான்.
இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். பத்துப் புத்தகம் எடுத்தால் பாதிக்கு மேல் ஒரே படம்தான்: செம்மண் பாதை, தலையில் பானை, கடைசிப் பக்கத்தில் வெளியூர்க்காரர்கள் வந்து ஆழ்துளைக் கிணற்றுக்குத் துளை போட எல்லாரும் கை தட்டுகிறார்கள். தண்ணீர் இல்லாமை ஏதோ ஒரு நிறத்தோடு பிறந்த மாதிரி. தண்ணீரை யார் நிறுத்தினார்கள், சுத்திகரிப்பு நிலையம் உடைந்தால் சரிசெய்ய ஏன் இத்தனை மாதம் என்றெல்லாம் அந்தக் கதைகள் கேட்பதே இல்லை. கேப் டவுனில் 2018 பிப்ரவரியில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று அளந்தார்களே, மாடி வீட்டிலும் அதே அளவுதான். மகனிடம் வாளிக் கதையை நீங்களே சொல்லுங்கள், அவன் வரையட்டும்.

வெருலம் தம்பி: துளை போட்டால் நல்லதுதானே அக்கா, கேலி எதற்கு?
கேலி இல்லை தம்பி. இருபது லிட்டர் கேன் இருபது கிலோ, அதை ஒரு பிள்ளை தலையிலிருந்து இறக்குகிற எதுவும் நல்லது. ஆனால் கைப்பம்பில் வாஷர் தேயும். தேய்ந்த அன்று ஸ்பேனர் யார் கையில், உதிரி எந்தக் கடையில்? கைதட்டலோடு முடித்தால் பிரச்சினை தீர்ந்தது என்று பிள்ளை நம்பிவிடும். ஊர்ப் பெண் ஒருத்தி பம்பைப் பிரித்துப் பார்க்கிற படம் இருந்தால் நானே பத்துப் பிரதி வாங்குவேன். அதனால்தான் கடைசிப் பக்கம், கடைசிப் பக்கம் என்று கத்துகிறேன்.

டோங்காட் அக்கா: தம்பி ஒரு வாரம் வாளி தூக்கிப் பார்க்கட்டும்!
வெருலம் தம்பி: தூக்கினேன் அக்கா, நாலாவது மாடிக்கு.
சரி, இரண்டு பேரும் சனிக்கிழமை வாருங்கள், அங்கே வைத்துக்கொள்ளலாம்.

லெனேசியா அப்பா: வகுப்பில் ஏதாவது செய்முறை?
இரண்டு லிட்டர் பாட்டில் நிரப்பி மைதானத்தைச் சுற்றச் சொல்லுங்கள். தலையில் வேண்டாம், கையில்.

ஃபீனிக்ஸ்: ஜோஜோ டேங்க் (வீட்டுப் பிளாஸ்டிக் தொட்டி) தண்ணீரைக் குடிக்கலாமா?
நான் புத்தகக்காரி. கிளினிக்கில் கேளுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: தமிழில் இலவசமாகக் கிடைக்குமா?
மேலே.

சாட்ஸ்வர்த்: தமிழில்...
மேலே, மேலே.