இனம் கேட்கும் கட்டத்தை நிரப்புவதா, விடுவதா?

கேள்வி: நியூஜெர்சியில் வசிக்கிறோம், பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். கல்லூரி விண்ணப்பத்தில் ‘ஆசியர்’ என்று குறித்தால் வாய்ப்பு குறையும் என்கிறார்கள். காலியாக விடலாமா? 2023 தீர்ப்புக்குப் பிறகு நம் பிள்ளைகளுக்கு இடம் கிடைப்பது எளிதாகிவிட்டதா?

பதில்: குறித்தாலும் விட்டாலும் ஒன்றுதான். ஹார்வர்டு, வட கரோலைனா வழக்குகளில் 2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, ஒரு மாணவர் இன்ன இனம் என்பதற்காகவே அவர் வாய்ப்பைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில் இனம் பற்றிய கேள்விக்குப் பதில் தருவது கட்டாயமில்லை. பதிலைச் சேர்க்கை அலுவலர்கள் பார்க்காதபடி கல்லூரியே மறைத்துக்கொள்ளவும் முடியும்.

எளிதாகிவிட்டதா என்றால், எல்லா இடத்திலும் இல்லை. தீர்ப்புக்குப் பின் 2024இல் சேர்ந்த முதல் வகுப்பைப் பாருங்கள். எம்.ஐ.டி.யில் ஆசிய அமெரிக்கர்கள் சுமார் 40இலிருந்து 47 சதவீதமானார்கள். கறுப்பின மாணவர்கள் 13இலிருந்து 5 சதவீதமானார்கள். அதே ஆண்டு யேலில் ஆசியர் பங்கு 30இலிருந்து 24 சதவீதமாக இறங்கியது. ஹார்வர்டில் 37இலேயே நின்றது. ஒரு கல்லூரியின் கணக்கை வைத்து இன்னொன்றை ஊகித்தால் ஏமாற்றம்தான்.

நம்மில் பலர் இதைத் தமிழ்நாட்டு இட ஒதுக்கீடு போலவே நினைத்துக்கொள்கிறோம். அமெரிக்கக் கல்லூரிகளில் இனவாரியாக இடம் ஒதுக்குவது 1978இல் ‘பாக்கி’ என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பிலேயே ரத்தானது. அதன் பின் 2023 வரை இருந்தது, பல அம்சங்களில் ஒன்றாக இனத்தையும் பார்க்கும் முறை. அதை நீக்கினால் யாருக்கு நட்டம் என்பதற்குக் கலிஃபோர்னியா சாட்சி. அங்கே அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனத்தைப் பார்க்கத் தடை விதித்த 209ஆம் பிரேரணை 1996இல் வந்த பின், கறுப்பின, லத்தீன் மாணவர்கள் அந்த மாநிலப் பல்கலைக்கழகத்தின் முன்னணி வளாகங்களான பெர்க்லியிலிருந்தும் யு.சி.எல்.ஏ.விலிருந்தும் தரவரிசையில் கீழே உள்ள வளாகங்களுக்குத் தள்ளப்பட்டார்கள். பட்டம் பெறுவோர் குறைந்தார்கள். பின்னாளில் அவர்கள் ஊதியமும் சுமார் 5 சதவீதம் குறைந்ததாகப் பொருளியலாளர் சகரி ப்ளீமரின் ஆய்வு காட்டியது. நம் பிள்ளைக்கு ஓர் இடம் கூடுமா என்று கணக்குப் பார்க்கும்போது இதையும் பார்ப்பதுதான் நியாயம்.

மகளின் உழைப்பு போக வேண்டிய இடம் கட்டுரை. காமன் ஆப் கட்டுரைக்கு 250 முதல் 650 சொற்கள். இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று எழுதத் தீர்ப்பே இடம் தருகிறது. ஆனால் கல்லூரி மதிப்பிடக்கூடியது, அந்த அனுபவத்தில் வெளிப்பட்ட துணிவையும் திறமையையும்தான். ‘தமிழ்க் குடும்பம், பரதநாட்டியம், பெற்றோரின் தியாகம்’ என்று எழுதினால் அதில் மகளே இருக்கமாட்டாள். வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் உதவுகிறாள் என்றால், எந்தப் பாடம் குழந்தைகளுக்கு ஏறவில்லை, அவள் எதை மாற்றினாள், அதன்பின் என்ன நடந்தது என்று எழுதட்டும்.

இனக் கட்டத்தைவிட உங்கள் கவனம் விசா மீது இருக்கட்டும். எச்-4 பிள்ளைகளுக்கு எஃப்.ஏ.எஃப்.எஸ்.ஏ. என்ற விண்ணப்பம் வழியான அமெரிக்க மத்திய அரசின் கல்வி உதவிப் பணம் கிடையாது. பல கல்லூரிகள் அவர்களை வெளிநாட்டு மாணவராகவே கருதி, உதவித்தொகை கேட்பதையும் சேர்க்கை முடிவில் கணக்கில் எடுக்கின்றன. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. போன்ற சில கல்லூரிகள் அப்படிப் பார்ப்பதில்லை. கல்லூரிப் பட்டியல் போடும்போதே ஒவ்வொரு கல்லூரிக்கும் மின்னஞ்சல் அனுப்பி, எச்-4 மாணவரை எந்தப் பிரிவில் வைக்கிறார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சேர்ந்தே ஆக வேண்டிய ‘எர்லி டிசிஷன்’ விண்ணப்பத்துக்குப் பல இடங்களில் நவம்பர் 1 கடைசி நாள். அதற்கு முன்பே இந்தப் பதில் கையில் இருக்க வேண்டும்.