118 என்பது நூற்றுக்கு 118 அல்ல, அண்ணாச்சி

இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் மகளின் பையன் அங்கே லெவன் பிளஸ் (கிராமர் பள்ளிகளில் சேர எழுதும் நுழைவுத் தேர்வு) எழுதி 118 வாங்கியிருக்கிறான், நூறைத் தாண்டி எப்படி மார்க் வரும் என்று மார்த்தாண்டத்திலிருந்து கேட்டிருந்தீர்கள்.

அது எத்தனை கேள்வி சரி என்று சொல்லும் மார்க் இல்லை. தரப்படுத்திய மதிப்பெண். வழக்கமாக சராசரிப் பிள்ளைக்கு 100 என்று வைத்து, திட்ட விலகலை, அதாவது மார்க்குகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவி நிற்கின்றன என்ற அளவை, 15 என்று எடுப்பார்கள். அந்தக் கணக்கில் 115 எடுத்தவன் நூறு பேரில் ஏறக்குறைய 84 பேருக்கு முன்னால் நிற்கிறான். உங்கள் பேரன் 88 பேருக்கு முன்னால். இதைத்தான் பெர்சன்டைல் என்கிறார்கள், சதவீதத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஒன்று கவனியுங்கள். 100லிருந்து 115க்குப் போனால் 34 பேரைத் தாண்டலாம். 115லிருந்து 130க்கும் அதே 15 புள்ளிதான், ஆனால் தாண்டுவது 14 பேரை மட்டும். நடுவில்தான் கூட்டம், மேலே போகப் போக ஆள் குறைவு.

அப்புறம் வயது. அங்கே ஒரே வகுப்பில் செப்டம்பரில் பிறந்தவனும் அடுத்த ஆகஸ்டில் பிறந்தவனும் இருப்பார்கள். அதனால் பெரும்பாலும் சின்னவனுக்கு வயதுக்கேற்பக் கொஞ்சம் சேர்த்துக் கொடுப்பார்கள். அது சலுகை இல்லை, நியாயம்.

இடம் கிடைக்குமா என்பது ஊரைப் பொறுத்தது. பக்கிங்காம்ஷயரில் தகுதிக்கு 121 வேண்டும். சில பள்ளிகள் வரம்பைத் தாண்டியவர்களில் பக்கத்தில் குடியிருப்பவர்களை எடுக்கும், சில மேலிருந்து வரிசையாக எடுக்கும். எந்தப் பள்ளி என்று மகளிடம் கேட்டு எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம். பையனைத் திட்டிவிடாதீர்கள், நன்றாகவே எழுதியிருக்கிறான்.