சிவப்பை விரலால் மறைத்துப் பாருங்கள்

கேள்வி: ஓவியக் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறேன். ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் ‘தி ஹே வெய்ன்’ ஓவியத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுத வேண்டும். ‘அழகான கிராமக் காட்சி’ என்பதற்கு மேல் எனக்கு எதுவும் ஓடவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ‘அழகான’ என்பதை முதலில் அடித்துவிடுங்கள். அப்புறம், வண்டிக் குதிரைகளின் கழுத்தில் உள்ள சிவப்பை விரலால் மறைத்துப் பாருங்கள். படம் சட்டென்று சோர்ந்துபோகும். சில தீற்றல்கள்தான் அந்தச் சிவப்பு. ஆனால் சுற்றிலும் பச்சையும் பழுப்பும். பச்சைக்கு நேர் எதிர் நிறம் சிவப்பு என்பதால் கண் நேராக அங்கே போய் நிற்கிறது. இதை எழுதினாலே அரைப் பக்கம் வந்துவிடும்.

அடுத்து, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். விவரங்கள் மறைந்து இருட்டும் வெளிச்சமும் மட்டும் நிற்கும். இடப்பக்கம் மரங்களின் கனத்த இருட்டு. வலப்பக்கம் வெயில் விழுந்த புல்வெளி. நடுவே, ஆற்றுக்குள் வண்டி. ‘ஹே வெய்ன்’ என்ற பெயரை நம்மவர்கள் ‘வைக்கோல் வண்டி’ என்று எழுதுவார்கள். ‘ஹே’ என்பது வைக்கோல் இல்லை, உலர்ந்த புல். அதுவும் இப்போது வண்டியில் இல்லை, வண்டி காலி. எங்கே போகிறது? வலக்கோடியில் உற்றுப் பாருங்கள்: புல்வெளியில் வேலை செய்கிறவர்கள் பொடிப்பொடியாகத் தெரிவார்கள். பாரம் ஏற்ற அங்கேதான் போகிறது. கரையில் நிற்கும் நாயும் நம் பார்வையை வண்டிப் பக்கம் திருப்புகிறது.

வானத்தை விட்டுவிடாதீர்கள். 1821-இல் லண்டன் ராயல் அகாடமியில் காட்சிக்கு வைத்தபோது இதன் பெயர் ‘நிலக்காட்சி: நண்பகல்’. பொழுது என்ன என்பதை மேகமும் வெளிச்சமும் எப்படிச் சொல்கின்றன என்று எழுதுங்கள்.

ஒரு தவறு மட்டும் வேண்டாம். ‘கான்ஸ்டபிள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து கண்டதை அப்படியே வரைந்தார்’ என்று எழுதாதீர்கள். இடம் இங்கிலாந்தின் ஸ்டூர் ஆறு, அவர் அப்பாவின் ஆலைக்கு அருகே. சின்ன வயதிலிருந்தே பார்த்த இடம். ஆனால் 185 செ.மீ. அகலமுள்ள இந்த ஓவியத்தை லண்டனில்தான் தீட்டினார், பழைய குறிப்போவியங்களை வைத்துக்கொண்டு. அதற்கு முன் இதே அளவில் ஒரு முன்வரைவும் செய்தார். அது விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முடிந்த ஓவியம் லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில். இரண்டின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதை மாற்றினார், எதைத் தெளிவாக்கினார் என்று குறித்துக்கொள்ளுங்கள். மீதிப் பக்கம் அதிலேயே நிறைந்துவிடும்.