90 நாள் நோட்டீஸ், ஒரு வருடத் தடை: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஐ.டி. கம்பெனியில் நான்கு வருடமாக இருக்கிறேன். விலகும் முன் தர வேண்டிய நோட்டீஸ் 90 நாள். புது இடத்தில் 30 நாளில் சேரச் சொல்கிறார்கள். மீதி நாளுக்குப் பணம் கட்டுகிறேன் என்றால், ரிலீவிங் லெட்டர் கிடைக்காது என்கிறார்கள்.
- வாசகி, சோழிங்கநல்லூர்

பதில்: அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் நோட்டீஸ் பற்றிய பத்தியை எடுத்து, ஒரு சொல்லைத் தேடுங்கள். '90 நாள் நோட்டீஸ் அல்லது அதற்கு ஈடான சம்பளம்' என்றிருந்தால் அந்த 'அல்லது' உங்களுக்குச் சாதகம். கூடவே 'நிர்வாகம் சம்மதித்தால்' என்று ஒட்டியிருந்தால் பேசித்தான் தீர்க்க வேண்டும். எப்படியானாலும், நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தே ஆக வேண்டும் என்று கோர்ட் உத்தரவிடாது. கம்பெனி கேட்க முடிந்தது இழப்பீடுதான்.

அடுத்து, கணக்கு எதன் மேல் என்று பாருங்கள். பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 40,000, மொத்தச் சம்பளம் 1,00,000 என்று வையுங்கள். இரண்டு மாதத்துக்கு பேசிக்கில் 80,000. மொத்தச் சம்பளத்தில் 2,00,000. ஆர்டரில் 'பேசிக்' என்றிருந்தும் மொத்தத்தில் பிடித்தால் எழுத்தில் மறுப்புச் சொல்லுங்கள். அந்தத் தொகைக்கு 18% ஜி.எஸ்.டி. சேர்த்தாலும் விடாதீர்கள், நோட்டீஸ் பணத்துக்கு வரி இல்லை என்று 2022 ஆகஸ்டிலேயே மத்திய அரசின் சுற்றறிக்கை வந்துவிட்டது.

ராஜினாமாவை மெயிலில், கடைசி வேலைநாளைத் தேதியோடு குறிப்பிட்டு அனுப்புங்கள். சொந்த மெயிலுக்கும் ஒரு நகல் போகட்டும். ஆபீஸ் லாகின் மூடிய பிறகு ஆதாரம் கிடைக்காது. சொல்லாமல் நின்றுவிடுவதுதான் பெரிய தவறு. 'தலைமறைவு' என்று பதிந்துவிட்டால் பின்னணிச் சரிபார்ப்பில் அது வந்து நிற்கும். பி.எஃப்.-இல் வெளியேறிய தேதியை கம்பெனி போடாவிட்டால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழித்து நீங்களே போர்ட்டலில் பதியலாம்.

கேள்வி: விலகி ஒரு வருடத்துக்குப் போட்டிக் கம்பெனியில் சேரக்கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வழக்கு வருமா?
- வாசகர், கோவை

பதில்: வக்கீல் நோட்டீஸ் அனுப்பிப் பயமுறுத்துவார்கள், தடை பெரும்பாலும் நிற்காது. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27-இன்படி, பிழைப்பைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கிலும், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு நீளும் தடையை 2006-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வேலையில் இருக்கும்போது போட்டியாளருக்கு உழைப்பது வேறு. அந்தத் தடை செல்லும்.

ஆனால் வாடிக்கையாளர் பட்டியலையோ விலைப்பட்டியலையோ சொந்த மெயிலுக்கு அனுப்பி வைக்காதீர்கள். ரகசியத்தை எடுத்துப் போனதற்கு வழக்குப் போட்டால் பிரிவு 27 உங்களைக் காப்பாற்றாது. இத்தனை வருடம் வேலை பார்ப்பேன் என்று எழுதிக் கொடுக்கும் பாண்டுக்கும் பிரிவு 27 கை கொடுக்காது: மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற ஒரு அரசு வங்கியின் நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது.