15 வயதுத் தம்பி ஞானத்தகப்பன் ஆகலாமா?

வணக்கம் சகோதரி. குழந்தைக்கு அடுத்த மாதம் ஞானஸ்நானம், ஞானத்தகப்பனாக நிற்க வேண்டிய தம்பிக்கு 15 வயது, ஞானத்தாயாக நிற்க ஆசைப்படும் தோழி கத்தோலிக்கர் அல்ல, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் தம்பி. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 874-இன்படி 16 வயது முடிந்திருக்க வேண்டும். ஆனால் நியாயமான காரணம் இருந்தால் பங்குத்தந்தையே விலக்குத் தரலாம், கேட்டுப் பாருங்கள். வயதைவிடப் பெரிய சிக்கல் உறுதிப்பூசுதல், அதாவது ஞானஸ்நானத்தில் பெற்ற விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கு. புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கிவிட்டான், அது போதும் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். போதாது, இரண்டும் வேண்டும். என் அக்கா மகனுக்கு ஞானத்தகப்பனாக நின்றபோது எனக்கும் இதே கதைதான். உறுதிப்பூசுதல் சான்றிதழைத் தேடி வீட்டுப் பீரோவைக் கவிழ்த்துக் கொட்டினேன். கடைசியில் ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்கே போனேன். பழைய பதிவேட்டில் என் பெயருக்கு நேரே, ஓரமாக, உறுதிப்பூசுதல் தேதியையும் எழுதி வைத்திருந்தார்கள். அங்கே புதிதாக ஒரு நகல் வாங்கினால் வேலை முடிந்தது.

தோழி ஞானத்தாய் ஆக முடியாது. ஆனால் கத்தோலிக்கர் ஒருவர் ஞானப்பெற்றோராக நின்றால், அவருடன் சேர்ந்து சாட்சியாக நிற்கலாம். சட்டப்படி ஒரே ஒருவர் இருந்தாலும் போதும், ஜோடி கட்டாயமில்லை. இருவர் என்றால் ஒரு ஆண், ஒரு பெண். குழந்தையின் அப்பா அம்மா நிற்க முடியாது.

அப்புறம், திருமணச் சிக்கல் ஏதும் உள்ளவரை யோசித்திருந்தால் சாமியாரிடம் முன்பே தனியாகப் பேசிவிடுங்கள். அழைப்பிதழ் அச்சடித்த பிறகு பேசினால் வீட்டில் சண்டைதான்.