கடற்கரையில் மழைநீர்க் குழாய்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: எங்கள் ஊராட்சியின் மழைநீர் வடிகால் கடைசிப் பகுதியில் 600 மி.மீ. ஹியூம் பைப்பாக (கம்பி வைத்த கான்கிரீட் குழாய்) மணலுக்கடியில் ஓடிக் கடற்கரையில் முடிகிறது. முனையில் இருந்த மூன்று பைப்புகள் இணைப்பு விட்டுச் சரிந்துவிட்டன. மாற்றிப் போடுவதற்கும் சி.ஆர்.இசட். (கடலோர ஒழுங்குமுறை மண்டல) அனுமதி வேண்டுமா? "ரிப்பேர்தானே, ரெண்டு நாள் வேலை" என்கிறார் ஒப்பந்ததாரர்.

இரண்டு நாள் வேலைதான். ஆனால் அந்த மூன்று பைப்புகள் எந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் கிடக்கின்றன என்பதைப் பொறுத்து, உங்கள் கோப்பு மாநில அளவிலேயே முடியலாம், டெல்லி வரைக்கும் போகலாம்.

அந்தக் கோடு உயர் அலைக் கோடு. மணலில் தெரியும் ஈரத் தடம் அல்ல. ஒப்புதல் பெற்ற கடலோர மண்டல மேலாண்மை வரைபடத்தில் உள்ள கோடு. நேரில் பார்த்தால் காய்ந்து கிடக்கும் இடம் வரைபடத்தில் கோட்டுக்குக் கடல்பக்கமாக இருக்கலாம். இந்த ஒரு குழப்பத்தில்தான் பல விண்ணப்பங்கள் தடம் மாறுகின்றன.

உயர் அலைக் கோட்டுக்கும் தாழ் அலைக் கோட்டுக்கும் இடைப்பட்ட பகுதியை 2019 ஜனவரி 18 தேதியிட்ட சி.ஆர்.இசட். அறிவிக்கை 'ஒன்று-பி' மண்டலம் என்று வகைப்படுத்துகிறது. ஒன்றாம் மண்டலத்திலும், தாழ் அலைக் கோட்டுக்கு அப்பால் நீர்ப்பரப்பான நான்காம் மண்டலத்திலும் வரும் பணிகளுக்கு மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம் பரிந்துரைக்கும். அனுமதி தருவது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம். வேலை முழுவதும் நிலப்பக்கத்தில் இரண்டாம் (வளர்ந்த நகரப் பகுதி) அல்லது மூன்றாம் (பெரும்பாலும் ஊரகப் பகுதி) மண்டலத்துக்குள் அடங்கினால் அந்த மாநில ஆணையமே முடிவெடுக்கலாம். ஒரு மாநிலத்தின் வரைபடம் 2019 அறிவிக்கைப்படி திருத்தி ஒப்புதல் ஆகும்வரை 2011 ஜனவரி 6 அறிவிக்கைதான் அங்கே நடப்பு. ஆகவே அலுவலகத்தில் முதலில் கேட்க வேண்டியது: "எங்கள் ஊருக்கு இப்போது எந்த வரைபடம் செல்லும்?"

இனி ரிப்பேர் என்ற வாதம். கடல்நீரின் இயல்பான போக்கில் குறுக்கிடும் வேலைகளுக்குத் தடை உண்டு. அதற்கான விதிவிலக்குகளில் மழைநீர் வடிகால் பதிப்பதும் ஒன்று. பழையதைப் பழுதுபார்ப்பதற்கென்று அங்கே தனி வாசகம் இல்லை. ஆகவே வாய்மொழியாக யாராவது "பரவாயில்லை, செய்யுங்கள்" என்று சொன்னதை நம்பி மணலைத் தோண்டாதீர்கள். அதே விட்டம், அதே நீளம், அதே தடம், அதே மட்டம் என்று நான்கையும் எண்ணோடு குறிப்பிட்டு, மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மைக் குழுவிடம் எழுத்து மூலம் விளக்கம் கேளுங்கள். 2.5 மீட்டர் பைப் மூன்று என்றால் 7.5 மீட்டர். 'சுமார் 10 மீட்டர்' என்று எழுதினால் அது நீட்டிப்பு. நீட்டிப்பு என்றால் புதுப் பணி.

கேள்வி: விண்ணப்பத்தோடு என்னென்ன வைக்க வேண்டும்? எங்கள் பேரூராட்சியின் கோப்பு இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது.

அனுமதி தேவை என்று முடிவானால் விண்ணப்பம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளம் வழியே போகும். அறிவிக்கையின் இணைப்பில் உள்ள படிவம், 1:4000 அளவில் சி.ஆர்.இசட். வரைபடம், அதன் மேல் பணியின் அமைப்பு வரைபடம், சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை, பேரிடர் மேலாண்மைத் திட்டம் என்று பட்டியல் இருக்கிறது. சிறு பழுதுக்கு இதில் எது வேண்டும், எது வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதிக் கேட்டு வாங்குங்கள். வரைபடத்தை உங்கள் ஊர் சர்வேயர் போட்டால் செல்லாது. அமைச்சகம் அங்கீகரித்த நிறுவனம் தயாரித்ததாக இருக்க வேண்டும். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் அவற்றில் ஒன்று.

கோப்பு திரும்புவதற்கு வரைபடத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. வடிகாலில் கோடைகாலத்திலும் நீர் ஓடுகிறதா என்று ஆய்வுக்கு வருபவர் முதலில் பார்ப்பார். சித்திரை வெயிலில் கறுப்பாக ஒழுகினால் அது மழைநீர் அல்ல, கழிவுநீர். சுத்திகரிக்காத கழிவுநீரைக் கடலில் விடுவது தடைசெய்யப்பட்ட செயல். அதைச் சுமக்கும் குழாய்க்கு ரிப்பேர் அனுமதி கேட்பது நாமே புகார் கொடுப்பது போல. மழையில்லாத நாளில் மேன்ஹோல் மேன்ஹோலாகத் திறந்து, ஈரம் எங்கே ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். எந்த மேன்ஹோல் காய்ந்தும் அதற்கு அடுத்த கீழ் மேன்ஹோல் நனைந்தும் இருக்கிறதோ, அந்த இரண்டுக்கும் நடுவில்தான் யாரோ வீட்டு இணைப்பைச் சொருகியிருக்கிறார்கள். அதை அடைத்து, தேதி தெரியும் புகைப்படத்துடன் கோப்பில் சேருங்கள்.

குழாய் எப்போது போடப்பட்டது என்பதற்கும் சான்று தேவை. முதல் கடலோர அறிவிக்கை வந்தது 1991 பிப்ரவரி 19. அதற்கு முந்தையது என்றால் பழைய அளவீட்டுப் புத்தகம், ஊராட்சித் தீர்மானம், ஒப்பந்தப் பதிவு என எது கிடைத்தாலும் வையுங்கள். பிந்தையது என்றால் அப்போது வாங்கிய அனுமதி எண் வேண்டும். கடற்கரை நிலம் பெரும்பாலும் புறம்போக்கு, எஃப்.எம்.பி. எனும் நில அளவைப் புல வரைபடமும் வருவாய்த் துறையின் சம்மதமும் இல்லாமல் கோப்பு நகராது.

கேள்வி: எந்த மாதத்தில் வேலை செய்யலாம்? ஜே.சி.பி. இறக்கலாமா?

தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஜனவரியிலிருந்து, பங்குனி ஆமை எனப்படும் ஆலிவ் ரிட்லி கடலாமைகள் முட்டையிட வரும். குஞ்சு வெளிவர 45 முதல் 60 நாள் ஆகும் என்பதால் மே வரை அந்த மணலைத் தொடாமல் இருப்பது நல்லது. பங்குனி ஆமை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது; ஆமை முட்டையிடும் கரை, கட்டுப்பாடு மிகுந்த 'ஒன்று-ஏ' மண்டலம். மிச்சம் ஜூன் முதல் செப்டம்பர் பாதி வரை. அனுமதி ஜூனுக்குள் கையில் இருக்க வேண்டுமானால் முந்தைய ஆண்டே விண்ணப்பம் போயிருக்க வேண்டும்.

இயந்திரத்துக்கு வழியும் நேரமும் குறிப்பிட்டு அனுமதி கேளுங்கள். மணல்மேட்டை வெட்டிப் பாதை போடக் கூடாது. தோண்டிய மணலை லாரியில் ஏற்றவே கூடாது; பள்ளத்தின் ஓரத்திலேயே குவித்து அதிலேயே நிரப்ப வேண்டும். வெளியே போனால் அது மணல் எடுப்பு. உடைந்த பழைய பைப்பைக் கரையிலேயே விட்டுவந்தால் அதுவும் குற்றம், கட்டடக் கழிவு கொட்டியதாகிவிடும். படகு நிறுத்தும், வலை உலர்த்தும் இடமென்றால் மீனவர் பஞ்சாயத்திடம் தேதி பேசிய பிறகே வண்டி இறங்கட்டும். இதைச் சட்டம் சொல்லித்தான் செய்ய வேண்டும் என்பதில்லை.

கேள்வி: ஹியூம் பைப்புக்குப் பதில் ஹெச்.டி.பி.இ. (கெட்டி பிளாஸ்டிக் குழாய்) போட்டால் துருவும் இல்லை, இணைப்பும் விடாது என்கிறார்கள். சரியா?

சரிதான், ஆனால் மிதக்கும். 600 மி.மீ. வெளிவிட்டமுள்ள குழாய் உள்ளே காலியாக இருந்தால் மீட்டருக்கு 0.283 கனமீட்டர் நீரை ஒதுக்கும். கடல்நீரில் அது சுமார் 290 கிலோ மேல்நோக்கிய விசை. குழாயின் எடை மீட்டருக்கு 70 கிலோ என்று வைத்தாலும் 220 கிலோ தூக்கும். நீருக்குள் கான்கிரீட்டின் எடை கனமீட்டருக்குச் சுமார் 1,375 கிலோதான். ஆக மீட்டருக்கு 0.16 கனமீட்டர் கான்கிரீட் சமன்செய்யவே போய்விடும். பாதுகாப்புக்கு 0.2 வையுங்கள். அலை மேல்மணலை வாரிக்கொண்டு போகும் நாளில் மணலின் பாரத்தை நம்ப முடியாது.

பொருள் மாறினால் 'அதே போன்ற மாற்று' என்ற வாதமும் பலவீனமாகும் என்பதை மறக்க வேண்டாம். ஹியூம் பைப்பிலேயே தொடர்வதானால் சேதத்தின் தொடக்கம் இணைப்பில்தான்: சிறு இடைவெளி வழியே மணல் உள்ளே வடியும், அடிமணல் காலியாகும், பைப் சாயும், இடைவெளி பெரிதாகும். ரப்பர் வளையம் வைத்து, ஒவ்வொரு இணைப்பையும் நீரை விட்டு மணலைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணியால் சுற்றி இருபுறமும் அரை மீட்டர் தாண்டவிடுங்கள். முனைச் சுவருக்கு, கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நெறி ஐ.எஸ். 456 தரும் அளவு: அலை ஏறி இறங்கும் இடத்தில் எம்40 தரக் கான்கிரீட், கம்பிக்கு வெளியே 75 மி.மீ. கான்கிரீட் மூடல். பழைய சுவர்களில் 40 மி.மீ. மூடலோடு வெளியே எட்டிப் பார்க்கும் கம்பிகள் எத்தனை!

கேள்வி: வடிகாலின் வாய் மணலடைத்து, தெருவில் நீர் தேங்குகிறது. அவசரத்துக்குத் தோண்டிவிடலாமா?

ஆட்சியருக்குத் தகவல் கொடுத்து, உள்ளாட்சி அமைப்பு தன் ஆட்களை வைத்து மண்வெட்டியால் வாயைத் திறப்பது ஒன்று. தனியார் குடியிருப்புச் சங்கம் ஜே.சி.பி. வரவழைத்துக் கால்வாய் வெட்டுவது வேறொன்று. பின்னதில் சிக்கினால் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம். ஒவ்வொரு ஆண்டும் அடைகிறதென்றால் செப்டம்பரில் திறப்பதற்கான அனுமதியை இப்போதே கேட்டு வையுங்கள்.