டீச்சரம்மா பதில்கள்: படிக்கட்டைப் பார்க்கும் மாமியார்

நாட்டையே உலுக்கிய ஒரு துயரம் உங்கள் வீட்டில் எதை மாற்றியது என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் அழுகையைவிடச் சச்சரவுதான் அதிகம். மாமியாருக்கும் மருமகளுக்கும், தாத்தாவுக்கும் பேரனுக்கும் நடக்கிற சச்சரவு. சேலத்தில் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததை வைத்துப் பதில் சொல்கிறேன்.

என் மாமியார் கும்பகோணத்துக்காரர். மகனைச் சேர்க்க எந்தப் பள்ளிக்குப் போனாலும் முதலில் மாடிப்படியைத்தான் பார்க்கிறார். எத்தனை வாசல், எது பூட்டியிருக்கும், சமையல் எங்கே நடக்கிறது என்று கேட்டு அலுவலக அறையில் இருப்பவர்களைச் சங்கடப்படுத்துகிறார். இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் போகாத இந்தப் பயத்தை எப்படிப் போக்குவது?
– வாசகி, அஸ்தம்பட்டி

போக்க வேண்டாம் அம்மா. அவரை அடுத்த பள்ளிக்கும் கூடவே அழைத்துப் போங்கள்.

2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. கும்பகோணத்தில் சத்துணவு சமைத்த இடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்கு ஏறி, அங்கிருந்து வகுப்பறைகளின் கூரைக்குப் பரவியது. மேலே இருந்தவர்கள் சின்னஞ்சிறு குழந்தைகள். இறங்குவதற்கு இருந்த படி குறுகல். 94 குழந்தைகள் போய்விட்டார்கள். அந்த ஊரில் பிறந்து வளர்ந்த உங்கள் மாமியாருக்கு இது செய்தித்தாளில் படித்த விஷயமாகவா இருந்திருக்கும்? அவர் அறிந்த தெருக்களிலிருந்து போன பிள்ளைகள் அவர்கள். இன்றைக்கும் ஆண்டுதோறும் அதே தேதியில் அந்தப் பெற்றோர்கள் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள்.

அந்த வாரம் எங்கள் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். அம்மாபேட்டைப் பக்கம் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் படித்த சிறிய பள்ளி அது. சமையல் கொட்டகைக்குத் தென்னங்கீற்றுதான் வேய்ந்திருந்தது. அன்றைக்குப் பல பள்ளிகளில் அப்படித்தான். திங்கட்கிழமை காலையில் மணி அடிப்பதற்கு முன்பே அப்பாக்கள் வந்து நின்றார்கள். தறிக்குழியிலிருந்து எழுந்து அப்படியே வந்தவர்கள். சிலர் வேட்டியில் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தது. யாரும் சத்தம் போடவில்லை. ஒருவர் ஏணி கொண்டுவந்தார், இன்னொருவர் அரிவாள். அரசு உத்தரவு வரட்டும் என்று எவரும் காத்திருக்கவில்லை. மத்தியானத்துக்குள் கீற்று முழுவதும் கீழே இறங்கிவிட்டது. அன்று சமையல் வெட்டவெளியில் நடந்தது, பிள்ளைகள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்ற அரசு உத்தரவு அதன் பிறகு வந்தது. கும்பகோணத்தை முன்வைத்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கில் 2009 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது: எந்தப் பள்ளியாக இருந்தாலும் கட்டடம் பாதுகாப்பானதாக இருக்க வேண்டும், தீயணைப்புக் கருவி வைக்க வேண்டும், அதைக் கையாள ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். உங்கள் மாமியார் அலுவலக அறையில் கேட்பதெல்லாம் அந்தத் தீர்ப்பில் இருப்பதுதான். சங்கடப்பட வேண்டியது அவரில்லை.

எனக்கும் அந்த வாரத்துப் பழக்கங்கள் விடவில்லை. வகுப்பறைக் கதவுகளின் வெளித்தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னேன். பின்பக்க வாசல் சாவியை என் மேசை அறையிலிருந்து எடுத்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வாசலுக்குப் பக்கத்திலேயே ஆணியில் மாட்டினேன். மாடியில் இருந்த ஒன்றாம் வகுப்பைக் கீழே கொண்டுவந்து, ஐந்தாம் வகுப்பை மேலே ஏற்றினேன். பெரிய பிள்ளைகள் முணுமுணுத்தார்கள், வெயில் காலத்தில் மேலே காந்தும். ஆனாலும் மாற்றவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் கல்யாண மண்டபத்துக்குப் போனால் பந்தி எங்கே என்று பார்ப்பதற்கு முன் வெளியேறும் வழி எங்கே என்றுதான் என் கண் தேடுகிறது.

ஒன்று மட்டும் செய்யுங்கள். மாமியாரைப் பேரனிடம் காரணத்தோடு சொல்லச் சொல்லுங்கள். “படியைப் பார்” என்று மட்டும் சொன்னால் அவனுக்கு அது பாட்டியின் தொல்லை. அந்த ஊரில் என்ன நடந்தது என்று அவன் வயதுக்கேற்ற அளவில் சொன்னால், நாளைக்கு அவனே பார்ப்பான்.

எங்கள் குடும்பம் ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை செய்கிறது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் வேளாங்கண்ணிக்குப் போவோம். கோயிலுக்குப் போகலாம், கடல் பக்கம் மட்டும் போகக் கூடாது என்று தாத்தா பிடிவாதம் பிடிக்கிறார். நான் பிறந்ததே சுனாமிக்குப் பிறகுதான். அவ்வளவு தூரம் பஸ்ஸில் போய்விட்டுக் கடலில் கால் நனைக்காமல் திரும்ப வேண்டுமா?
– கல்லூரி மாணவன், ஏற்காடு

தம்பி, உன் ஏக்கம் நியாயமானது. ஆண்டுக்கு ஒரு முறை கடலைப் பார்க்கிறவனுக்கு அதைத் தூர நின்று பார் என்றால் மனம் ஆறாது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்பதால் வேளாங்கண்ணியில் கூட்டம். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் உன் குடும்பத்தைப் போல உள்நாட்டிலிருந்து வந்த யாத்ரீகர்களும் உண்டு. உன் தாத்தா கடலுக்குப் பயப்படுகிறார் என்று நினைக்காதே. அன்றைக்குப் பல இடங்களில் கடல் உள்வாங்கியபோது, இப்படி ஒரு காட்சியைப் பார்த்ததே இல்லையே என்று மக்கள் தரை தெரிந்த இடத்தை நோக்கி நடந்தார்கள். ஓட வேண்டிய நேரம் அது என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

நீ மலையில் பிறந்தவன். ஐப்பசி மழை விடாமல் பெய்தால் எந்தக் கொண்டை ஊசி வளைவில் பாறை உருளும், எந்த ஓடையில் தண்ணீர் கலங்கி வந்தால் மேலே மண் சரிந்திருக்கிறது என்று உனக்குத் தெரியும். சேலத்திலிருந்து சுற்றிப் பார்க்க வருகிறவனுக்குத் தெரியாது. அவன் அந்த ஓடையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பான். அவனைப் பார்த்து உன் வயிறு கலங்குவதில்லையா? கடற்கரையில் உன்னைப் பார்த்து உன் தாத்தாவுக்குக் கலங்குவதும் அதுதான்.

ஆகவே தெரிந்துகொண்டு போ. தரை நீண்ட நேரம் ஆடினாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ, செருப்பைக்கூடத் தேடாமல் ஊருக்குள் உயரமான இடத்துக்கு ஓட வேண்டும். ஒரு அலை வந்து போனதும் முடிந்துவிட்டது என்று திரும்பி வரக் கூடாது. அடுத்தடுத்த அலைகள் வரும். அன்று இல்லாத எச்சரிக்கை மையம் 2007 முதல் ஐதராபாத்தில் இயங்குகிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா பக்கம் மறுபடியும் பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டு எச்சரிக்கை வந்தபோது, சென்னையில் கடலோரத்தில் இருந்தவர்கள் வேடிக்கை பார்க்க நிற்காமல் வெளியேறினார்கள். பேரலை வரவில்லை. வந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள்.

இதையெல்லாம் தாத்தாவிடம் பேசு. அந்த வருடம் இங்கிருந்து யார் யார் போனார்கள் என்று கேள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதே. பிறகு அவரையும் கூட்டிக்கொண்டு கடல் பக்கம் போ. சம்மதிப்பார் என்றுதான் நினைக்கிறேன். சம்மதிக்காவிட்டால் இந்த வருடமும் விட்டுக்கொடு.

எங்கேயாவது பெரிய விபத்து நடந்தால் பள்ளியில் இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கச் சொல்கிறார்கள். அதனால் யாருக்கு என்ன பயன்?
– பத்தாம் வகுப்பு மாணவி, ஆத்தூர்

நிற்க வேண்டும், கண்ணம்மா. முகம் தெரியாதவர்களுக்காகத் தலைகுனிவது மனிதர்கள் செய்ய வேண்டிய காரியம். அது முடிந்ததும் உன் வகுப்பாசிரியரிடம் போய், “நம் பள்ளியில் இது நடந்தால் நாம் எந்த வழியாகப் போவது?” என்று கேள். அதே நாள் கேள். மறுவாரம் கேட்டால் பாடம் பாக்கி இருக்கிறது என்பார்.

கணவர் கொலுசுப் பட்டறையில் கூலிக்கு வேலை செய்கிறார். ஊரடங்குக்குப் பிறகு ஆளே மாறிவிட்டார். மூன்று மாத அரிசி வீட்டில் இருந்தே ஆக வேண்டும். கைமாற்று வாங்குவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. உறவுக்காரர்கள் கஞ்சன் என்கிறார்கள்.
– வாசகி, செவ்வாய்ப்பேட்டை

2020 மார்ச் 22 ஒரு நாள் வீட்டில் இருங்கள் என்றார்கள். மூன்றாம் நாள் நள்ளிரவிலிருந்து நாடு முழுவதும் 21 நாள் என்றார்கள். அதன் பிறகும் நீண்டுகொண்டே போனது. கொலுசு செய்து கொடுத்தால்தான் கூலி என்று இருப்பவருக்குப் பட்டறை மூடிய அன்றே வருமானம் நின்றுபோகும். அடுப்புக்கு என்ன செய்வது என்று குழந்தைகளுக்குத் தெரியாமல் கணக்குப் போட்டவரைக் கஞ்சன் என்று சொல்வது அநியாயம். அரிசியைச் சேர்க்கட்டும். கடன் வாங்காமல் இருக்கட்டும். நீங்கள் அவர் பக்கம் நில்லுங்கள்.

ஆனால் கொடுப்பதையும் நிறுத்திவிட்டார் என்பது என்னை வருத்துகிறது. அதே ஊரடங்கில் எங்கள் தெருவில் மாடியில் தனியாக இருந்த ஒரு பாட்டி, கயிறு கட்டிய பிளாஸ்டிக் கூடையைக் கீழே இறக்குவார். அதில் ஒரு நாள் கத்தரிக்காய், ஒரு நாள் மாத்திரை அட்டை, ஒரு நாள் யார் வீட்டிலோ செய்த புளிச்சாதம் என்று மேலே போகும். யார் வைத்தது என்று அவர் கேட்டதும் இல்லை, நாங்கள் சொன்னதும் இல்லை. உங்கள் தெருவிலும் இப்படி யாராவது இருந்திருப்பார்கள். உங்கள் வீட்டுக்கே யாராவது அரிசி கொடுத்திருக்கலாம். ஒரு சாயங்காலம் சாவகாசமாக அதை அவரிடம் நினைவுபடுத்துங்கள். மூன்று மாத அரிசியில் ஒரு படி அடுத்த வீட்டுக்கு என்று அவரே ஒதுக்கும் நாள் வந்தால் எனக்கு எழுதுங்கள், சந்தோஷப்படுவேன்.

ஐந்து ரோடு பக்கம் மகள் போகிற டியூஷன் இரண்டாவது மாடியில் இருக்கிறது. வகுப்பு தொடங்கியதும் கீழே இரும்புக் கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள். பிள்ளைகள் வெளியே ஓடாமல் இருப்பதற்காம். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயக்கமாக இருக்கிறது.
– வாசகர், சூரமங்கலம்

தயங்காதீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

வகுப்பு நடக்கும் நேரத்தில், சாயங்காலம் ஆறரைக்குப் போய்ப் பாருங்கள். காலையில் போனால் எல்லாம் காலியாக, விசாலமாகத் தெரியும். படிக்கட்டின் அடியில் இருசக்கர வாகனங்கள் நிற்கின்றனவா, மின்சார மீட்டர் பெட்டி படிக்குக் கீழே இருக்கிறதா, படியில் செருப்புகள் குவிந்து கிடக்கின்றனவா, இறங்க இன்னொரு வழி உண்டா என்று பாருங்கள். சாவி யார் கையில் இருக்கிறது, அவர் டீ குடிக்கப் போனால் யாரிடம் கொடுப்பார் என்று கேளுங்கள். பிள்ளைகள் ஓடாமல் இருக்க வாசலில் ஒரு ஆளை உட்கார வைக்கலாம், பூட்டுத் தேவையில்லை.

தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் இன்னும் நாலைந்து பெற்றோரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மறுத்தால் தீயணைப்பு நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். அதுவரைக்கும் மகளை அனுப்பாதீர்கள். அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறதே என்று தள்ளிப்போட வேண்டாம். கணக்கை வீட்டிலும் போட்டுப் பார்க்கலாம்.